ரப் ஒன்று, கொம்பியூட்டர் ஒன்று: இரண்டுக்கும் ஒரே ஓஎஸ் சரிவருமா?

புது பட்ச் வரேக்க எங்களிட்ட முதல்ல வாற கேள்வி பாடத்தெரிவு பற்றினதாக இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பம். அப்படி இல்லை. "அக்கா, ரப் வாங்கட்டா, லப்ரொப் வாங்கட்டா?" இதுதான் முதல் கேள்வி. கேட்கிறவை அனேகமாக எங்கட பக்கத்துப் பிள்ளையள். பரந்தன், விசுவமடு, ஒட்டுசுட்டான், செட்டிகுளம் என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் வருவினம். இவை சும்மா கேட்கிறதில்லை. வீட்டில அந்தக் காசு ஒருக்காத்தான் சேரும். நெல்லு வித்த காசாக இருக்கும், இல்லாட்டி வெளிநாட்டில இருக்கிற மாமா அனுப்பின காசாக இருக்கும். அதில வாங்கிறது நாலு வருசம் நிக்கவேணும்.

கடையில போய்க் கேட்டால் பதில் ரெடியாக இருக்கு. "கீபோர்ட் கவரோட ரப்பை எடுங்கோ தம்பி. படுத்திருந்து வாசிக்கலாம், மேசையில வைச்சால் அதுவே கொம்பியூட்டர்." விலையும் குறைவு, பாரமும் குறைவு, பஸ்ஸில மடியில வைச்சுக்கொண்டு வரலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த வசனத்துக்குள்ள ஒரு பெரிய கேள்வி ஒளிஞ்சிருக்கு. கையில வைச்சுப் பாவிக்கிற ரப்புக்கும் மேசையில இருக்கிற கொம்பியூட்டருக்கும் ஒரே இயங்குதளம் உண்மையிலேயே சரிவருமா? உலகத்தின்ர பெரிய கொம்பனிகள் பத்துப் பதினைஞ்சு வருசமாக இந்தக் கேள்வியோட மல்லுக்கட்டுது. அதின்ர செலவில ஒரு பங்கை நாங்களும் கட்டியிருக்கிறம்.

எப்படி என்று சொல்லுறம். எங்களில நாலு பேருக்கு ஒரு குழு அசைன்மென்ட். ஒருத்தி தன்ர பகுதியை ரப்பில, யூனிகோட்டில எழுதினாள். இன்னொருத்தன் வீட்டில இருந்த பழைய டெஸ்க்ரொப்பில பாமினியில அடிச்சான். சமர்ப்பிக்கிறதுக்கு முதல்நாள் இரவு இரண்டையும் ஒன்றாக்க ரப்பில திறந்து பார்த்தால், அவன் அடிச்ச பதினொரு பக்கமும் இங்கிலிஷ் எழுத்தாக நிக்குது. 'தமிழ்' என்ற சொல் நிக்கவேண்டிய இடத்தில ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. ரப்பில பாமினி எழுத்துரு இல்லை. போடுவம் என்று பார்த்தால் அதுக்கும் லேசான வழி இல்லை. விடியக் கொமினிகேசனுக்கு ஓடிப்போய் அங்க இருந்த கொம்பியூட்டரில திறந்தால் பாமினிப் பகுதி சரியாக வருது, ஆனால் ரப்பில வடிவாக இருந்த பகுதியின்ர பக்கங்கள் குழம்பி, அட்டவணையின்ர கடைசி நிரை வெளியில போட்டுது. பத்து மணிக்குக் குடுக்கவேண்டியதை ஒரு மணிக்குக் குடுத்தம். பிந்தினதுக்குப் புள்ளி குறைஞ்சது. பிழை எங்களிலயும் இருக்கு, முதல்லயே கதைச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கவேணும். ஆனாலும் அண்டைக்குத்தான் இந்த விசயத்தைக் கொஞ்சம் ஆழமாக யோசிக்கத் தொடங்கினம்.

மைக்ரோசொப்ட் பட்ட பாடு

2012 ஒக்ரோபர் 26ஆம் திகதி விண்டோஸ் 8 வந்தது. அதுக்கு ஒரு மாதம் முன்னம், செப்ரெம்பரிலதான் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமை மூடினவை. எங்களில கனபேருக்கு அப்ப எட்டு ஒன்பது வயசு. கரண்ட் வராத வீடுகளில இருந்த எங்களுக்கு விண்டோஸ் 8 ஒரு செய்தியே இல்லை. பள்ளிக்கூடக் கொம்பியூட்டர் அறையில அதைக் கண்டது கன காலத்துக்குப் பிறகு.

ஐபேட் 2010இல வந்து உலகத்தையே திருப்பிப் போட்டிருந்த நேரம் அது. மைக்ரோசொப்ட் பயந்துபோய் எடுத்த முடிவு, ரப்புக்கும் மேசைக் கொம்பியூட்டருக்கும் ஒரே முகம் குடுக்கிறது. ஸ்டார்ட் பட்டனைத் தூக்கிட்டினம். திரை முழுக்கப் பெரிய பெரிய கலர்ப் பெட்டிகள். விரலால தட்டுறவருக்கு அது வசதி. ஆனால் மவுஸ் பிடிச்சு வேலை செய்யிற கோடிக்கணக்கான ஆக்களுக்கு, கொம்பியூட்டரை எப்படி நிப்பாட்டுறது என்றே தெரியாமல் போச்சு. திரையின்ர மூலைக்கு மவுஸைக் கொண்டுபோனால்தான் மறைஞ்சிருக்கிற மெனு வெளியில வரும். அது அங்க இருக்கு என்று ஆரும் சொல்லாமல் தெரியவும் வராது.

ஒரு வருசத்தில, 2013 ஒக்ரோபரில, 8.1 வந்து ஸ்டார்ட் பட்டனைத் திருப்பித் தந்தது. 2015 ஜூலையில விண்டோஸ் 10 வந்து ஸ்டார்ட் மெனுவையும் தந்தது. அதில ஒரு நல்ல மாற்றம் இருந்தது. கீபோர்ட்டைக் கழட்டினால் ரப் முகத்துக்கு மாறலாம், திரும்பப் பூட்டினால் மேசை முகத்துக்கு வரலாம். ஒரே முகத்தை எல்லாருக்கும் திணிக்கிறதை விட்டிட்டு, ஒரே உடம்புக்கு இரண்டு முகம் என்று அவை இறங்கி வந்தது அப்பதான்.

இடையில இன்னொரு கூத்து நடந்தது. சேர்பேஸ் ஆர்டி என்று ஒரு ரப் விட்டினம். பார்க்க அசல் விண்டோஸ். ஆனால் உள்ளுக்க இருந்தது போன்களில போடுற வகை சிப். அதால வழமையான விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில போட ஏலாது. இ-கலப்பை மாதிரி நாங்கள் தமிழ் ரைப் பண்ணப் போடுறதுகளும் அதில அடக்கம். பெயரைப் பார்த்து வாங்கின சனம் ஏமாந்தது. 2013 ஜூலையில மைக்ரோசொப்ட் அந்தச் சரக்குக்காக 90 கோடி டொலரை நட்டக்கணக்கில எழுதிச்சுது. எங்கட பிள்ளை ஒருவர் அப்படி ஒன்றை வாங்கியிருந்தால் அந்த நட்டத்தை எந்தக் கணக்கில எழுதுறது?

விரலும் மவுசும் ஒன்றில்லை

ஏன் இது இவ்வளவு கஷ்டம்? ஆக்கள் பழக்கத்தை மாத்த விரும்பாததால என்று சிலர் சொல்லுவினம். அது பாதிதான் சரி. மிச்சப் பாதி உடம்பு சம்பந்தப்பட்டது.

மவுஸின்ர அம்புக்குறி ஊசிமுனை மாதிரி. வேர்டில அடிக்குறிப்பு இலக்கத்துக்குப் பக்கத்தில இருக்கிற காற்புள்ளியைக்கூட அது சரியாகப் பிடிக்கும். விரல் அப்படி இல்லை. தொடுகிற ஒரு பட்டன் கிட்டத்தட்ட 9 மில்லிமீற்றராவது இருக்கவேணும் என்று அன்ட்ரொய்ட் வடிவமைப்பாளருக்குக் கூகுளே சொல்லுது. அந்த அளவில பட்டன் வைச்சால், மேசைத்திரையில நாற்பது கட்டளை நிக்கிற இடத்தில பத்துத்தான் நிக்கும். மிச்சம் முப்பதும் ஏதோ ஒரு மெனுவுக்குள்ள ஒளிய வேண்டியதுதான். பிறகு, மவுஸை ஒன்றுக்கு மேல கொண்டுபோய்ச் சும்மா வைச்சிருந்தால் அது என்ன என்று ஒரு சின்ன விளக்கம் வரும். விரலை அப்படி அந்தரத்தில வைச்சிருக்க ஏலாது. தொட்டால் தொட்டதுதான். நிமிர்ந்து நிக்கிற திரையை நாள்முழுக்கக் கையை நீட்டித் தொட்டு வேலை செய்து பாருங்கோ, பின்னேரம் தோள்மூட்டு கதை சொல்லும்.

உள்ளுக்கயும் வித்தியாசம் இருக்கு. போன், ரப் வழியில வந்த ஓஎஸ்கள் பற்றரியைக் காப்பாற்றப் பார்க்கும். நீங்கள் வேற அப்புக்குப் போனால் பழையதை ஒரு கட்டத்தில சத்தமில்லாமல் நிப்பாட்டிவிடும். இரண்டு ஆவணம், ஒரு பீடிஎப், பத்து பிரவுசர் பக்கம் என்று விரிச்சு வைச்சு வேலை செய்யிற எங்களுக்கு அது தலையிடி. மேசை வழியில வந்தது எல்லாத்தையும் திறந்து வைச்சிருக்க விடும், ஆனால் பற்றரியைக் குடிச்சுத் தள்ளும். இதில ஒன்றைப் பிழை என்று சொல்ல ஏலாது, இரண்டும் வேற வேற வேலைக்குச் செய்தது.

மற்றவை என்ன செய்தினம்?

அப்பிளின்ர ரிம் குக், 2012இல இதைப் பாண் சுடுற ரோஸ்டரையும் குளிர்சாதனப் பெட்டியையும் ஒன்றாக்கிறதுக்கு ஒப்பிட்டவர். செய்யலாம், ஆனால் ஆருக்கும் பிடிக்காது என்ற கருத்தில. ஆனால் அவற்ற கொம்பனியே மெல்ல மெல்ல நகர்ந்தது. 2019இல ஐபேட்டுக்கென்று ஐபேட்ஓஎஸ் என்ற தனிப் பெயர் வைச்சினம். 2025இல வந்த ஐபேட்ஓஎஸ் 26இல ஒன்றுக்கு மேல ஒன்றாக நிக்கிற ஜன்னல்கள், மேல மெனு வரி எல்லாம் வந்திட்டுது. கிட்டத்தட்ட மக் மாதிரி. ஆனாலும் இரண்டையும் ஒன்றாக்கேல்லை.

எல்லாரையும் விடத் துணிஞ்சு இறங்கினது உபுண்டு. போனை எடுத்துக்கொண்டுபோய் ஒரு திரையில கொழுவினால் அதுவே முழுக் கொம்பியூட்டர் ஆகவேணும் என்பது மார்க் ஷட்டில்வேர்த்தின்ர கனவு. 2013இல உபுண்டு எட்ஜ் என்ற போனுக்காக 3.2 கோடி டொலர் சேர்க்க இணையத்தில கேட்டினம். சேர்ந்தது 1.28 கோடி மட்டில. இலக்கை எட்டாததால அந்தப் போன் வரவே இல்லை. 2016இல பீக்யூ கொம்பனியோட சேர்ந்து ஒரு ரப் விட்டினம். 2017 ஏப்ரலில அந்த முயற்சியையே கைவிடுறம் என்று அறிவிச்சிட்டினம். யோசனை பிழை என்று எங்களுக்குப் படேல்லை. அதில ஓட அப் இல்லை, அப் செய்யிறவைக்குப் பாவிக்கிற சனம் இல்லை. பஸ் இல்லாத ரோட்டும் ரோட் இல்லாத பஸ்ஸும் மாதிரி.

2017இலயே சாம்சுங் டெக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அன்ட்ரொய்ட் போனைத் திரையில கொழுவினால் மேசை முகம் வரும், கழட்டினால் போன் முகம். கூகுளும் குரோம் ஓஎஸ்ஸையும் அன்ட்ரொய்டையும் ஒரே அடித்தளத்துக்குக் கொண்டுவரப்போறம் என்று 2025இல சொல்லிட்டுது. அடித்தளம் என்று பார்த்தால் முந்தியும் இவை தூரத்து உறவில்லை. அன்ட்ரொய்ட், குரோம் ஓஎஸ், உபுண்டு மூன்றுக்கும் அடியில இருக்கிறது 1991இல லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கின அதே லினக்ஸ் கருதான். ஐபேட்டுக்கும் மக்குக்கும் கூட அடி ஒன்றுதான்.

இவ்வளவையும் பார்த்தபிறகு எங்கட கருத்து இதுதான். அடித்தளம் ஒன்றாக இருக்கலாம். அது ஏற்கெனவே பெரும்பாலும் ஒன்றுதான். முகம் இரண்டாக இருக்கத்தான் வேணும். எந்த நேரம் எந்த முகம் என்று முடிவெடுக்கிறது பாவிக்கிற ஆளாக இருக்கவேணும், கொம்பனியாக இருக்கக்கூடாது. விண்டோஸ் 8 தோத்தது ஒரே ஓஎஸ் என்றதால இல்லை. தெரிவைப் பறிச்சதால.

காசில்லாதவர் கேட்கிற கேள்வி

"இதெல்லாம் இரண்டு சாமான் வாங்கக்கூடியவையின்ர கதை" என்று நீங்கள் சொல்லுவீங்கள். சரிதான். ரப் வாசிக்க, லப்ரொப் எழுத என்று கொழும்பில இருந்து சொல்லுறது லேசு. மகாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆச்சு. அதில அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு போக மிஞ்சிறதை வைச்சு இரண்டு சாமான் வாங்க ஏலாது. அதால ஒரே சாமான் எல்லாத்துக்கும் சரிவரவேணும் என்ற ஆசை எங்களுக்கு இருக்கிற மாதிரிப் பணக்காரருக்கு இல்லை. ஒரே ஓஎஸ் என்ற கனவின்ர உண்மையான சொந்தக்காரர் நாங்கள்தான்.

ரப்பை நாங்கள் குறைவாகச் சொல்லவும் மாட்டம். 2020இல வகுப்புகள் சூமுக்குப் போனபோது கையில இருந்தது போனும் ரப்பும்தான். லேர்ண் வலையமைப்பு ஊடாகப் பல்கலைக்கழக மாணவருக்கு டேட்டா வெட்டுப்படாமல் சூம் தந்தது பெரிய உதவி. 2022இல டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டினபோது, மார்ச் கடைசியில 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு வந்தபோது, மேசைக் கொம்பியூட்டர் வெறும் பெட்டி. பற்றரி செத்த லப்ரொப்பும் அப்படித்தான். அப்ப நிண்டது ரப். நூலகம் இணையத்தளத்தில இருக்கிற பழைய ஈழத்து நூல்கள், சஞ்சிகைகளை வாசிக்க அதைவிட நல்ல சாமான் இல்லை. புவியியல் படிக்கிற எங்கட கூட்டாளியள் இரணைமடுப் பக்கம் களஆய்வுக்குப் போகேக்க, கியூஃபீல்ட் போட்ட ரப்பைத்தான் வரம்பு வழிய கொண்டு திரியினம். ஆனால் அந்தத் தரவைக் கொண்டுவந்து கியூஜிஐஎஸ்ஸில வரைபடமாக்க மேசைதான் வேணும். எஸ்பிஎஸ்எஸ்ஸும் அப்படித்தான். அடிக்குறிப்போட எண்பது பக்க ஆய்வேட்டை ரப்பில எழுதி முடிச்ச ஒருவரை நாங்கள் இன்னும் காணேல்லை.

தமிழ்நாட்டில 2011இல இலவச லப்ரொப் குடுக்கத் தொடங்கேக்க விண்டோஸையும் சீ-டக்கின்ர பாஸ் லினக்ஸையும் சேர்த்துப் போட்டுக் குடுத்தினம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு ரப் அல்லது லப்ரொப், மாணவரின்ர விருப்பப்படி, என்று அறிவிச்சினம். இந்த "விருப்பப்படி" என்ற சொல் எங்களுக்குப் பிடிச்சது. எங்கட நாட்டிலயும் உயர்தர மாணவருக்கு ரப் குடுப்பம் என்று 2017 வரவுசெலவுத் திட்டத்தில முன்மொழிஞ்சவை. அப்ப எது வேணும் என்று மாணவரை ஆரும் கேட்டதாக எங்களுக்கு ஞாபகம் இல்லை.

ஒன்றாக இருக்கவேண்டியது வேற ஒன்று

இப்ப எங்கட அசைன்மென்ட் கதைக்குத் திரும்பி வருவம். அண்டைக்கு எங்களைக் கவிழ்த்தது ஓஎஸ் இரண்டாக இருந்தது இல்லை. எழுத்து இரண்டாக இருந்தது. பாமினி என்பது இங்கிலிஷ் எழுத்துக்கு மேல தமிழ்ப் படத்தை ஒட்டின மாதிரி. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில ஒட்டினது கழண்டு விழும். யூனிகோட்டில தமிழுக்கென்று தனி இடம் 1991இலயே குடுத்தாச்சு. இலங்கையிலயும் எஸ்எல்எஸ் 1326 என்ற நியமம் 2008இல வந்து, தமிழ் விசைப்பலகைக்கு ரெங்கநாதன் முறையை வைச்சிருக்கு. அப்படி இருந்தும் சில அலுவலகங்களில, சில அச்சகங்களில இன்னும் "பாமினியில அடிச்சுத் தாங்கோ" என்றுதான் கேட்கினம். போனில யூனிகோட்டில எழுதிப் பழகின பிள்ளை திரும்பவும் முதல்ல இருந்து தொடங்கவேணும்.

இதுக்கு கூகுளையோ அப்பிளையோ பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. மலேசியாவின்ர முத்து நெடுமாறன் செய்த அஞ்சல் முறை போனிலயும் இருக்கு, மக்கிலயும் இருக்கு, செல்லினம் என்ற பெயரில அன்ட்ரொய்டிலயும் இருக்கு. சாமான் மாறினாலும் எழுதுற முறையும் வாற எழுத்தும் மாறுறதில்லை. பாமினி விசையில விரல் பழகினவைக்கும் வழி இருக்கு. என்எச்எம் ரைட்டரைப் போட்டால் அதே விசையில அடிச்சு யூனிகோட்டாக எடுக்கலாம். பழைய பாமினிக் கோப்பை மாத்த சுரதாவின்ர பொங்குதமிழ் எழுத்துரு மாற்றி இருக்கு. அண்டைக்கு இரவு எங்களுக்கு இதில ஒன்று தெரிஞ்சிருந்தால் பத்து மணிக்குக் குடுத்திருப்பம்.

ஆகவே, தம்பியவை, தங்கச்சியவை, உங்கட கேள்விக்கு எங்கட பதில். ஒன்றுதான் வாங்கலாம் என்றால், பாவிச்ச லப்ரொப் ஒன்றை எடுங்கோ. வாசிக்க உங்கட கையில ஏற்கெனவே போன் இருக்கு. விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 ஒக்ரோபர் 14ஓட நிப்பாட்டிட்டினம், அதால விண்டோஸ் 11 ஏறாத பழைய லப்ரொப்புகள் மலிவாக வரும். அதில லினக்ஸ் மின்ட் போட்டு லிப்ரெ ஒபிஸில யூனிகோட்டில எழுதலாம். ஆனால் எஸ்பிஎஸ்எஸ் மாதிரி உங்கட பாடத்துக்குத் தேவையானது அதில ஓடுமோ என்று முதல்ல மூத்த பட்ச்சிட்டக் கேளுங்கோ. ரப்தான் எடுக்கிறன் என்று நிண்டால், காசு குடுக்க முதல் கடையில வைச்சே நாலு விசயத்தைச் செய்து பாருங்கோ. ஒரு தமிழ் வேர்ட் கோப்பைத் திறவுங்கோ. அதில ஓர் அடிக்குறிப்பு போடுங்கோ. கீபோர்ட்டில தமிழ் வருதோ என்று பாருங்கோ. பென் டிரைவைக் குத்தி அந்தக் கோப்பை வெளியில எடுங்கோ. நாலும் சரிவந்தால் வாங்குங்கோ. இதுக்குக் கடைக்காரர் முகம் சுழிச்சால் வேற கடை பாருங்கோ.

பாமினி கேட்கிற இடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். யூனிகோட்டில வாறதையும் ஏற்றுக்கொள்ளுங்கோ, அது போதும். எங்கட பட்ச் இந்தமுறை என்எச்எம் ரைட்டரை ஒரு பென் டிரைவில போட்டு வைச்சிருக்கு. புது பிள்ளையள் வந்து கேட்டால் லப்ரொப்பில போட்டுத் தருவம். போனில தமிழ் விசைப்பலகை போடவும் காட்டித் தருவம். குழு அசைன்மென்ட் தொடங்கிற அண்டைக்கே வாங்கோ, குடுக்கிறதுக்கு முதல்நாள் இரவு வராதேங்கோ.